மெமோவுக்குப் பயந்த மூளை

ஆசிரியர்களுக்கு மூளை அறிவியல் பயிற்சி. "பயந்த மூளையில பாடம் ஏறாது!" என்று மேசையைத் தட்டிக் கத்தினார் பயிற்சி அலுவலர் தணிகாசலம். கடைசி பெஞ்சிலிருந்த சகாயமேரி டீச்சரைப் பார்த்து, "எழுந்திரிங்க! நான் என்ன சொன்னேன்? சொல்லலேன்னா மெமோதான்!" என்றார்.

டீச்சர் மெல்ல எழுந்து நின்றார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மெமோன்னதும் பயந்துட்டேன் சார். இப்ப நான் பதில் சொல்லிட்டா நீங்க நடத்தினது பொய்யாயிடும். சொல்லலேன்னா மெமோ. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

ஹாலே சிரித்தது. அந்த நேரம் பார்த்து மாவட்டக் கல்வி அலுவலர் உள்ளே வந்தார்.

"என்ன கூத்து இது தணிகாசலம்? என்ன பாடம் நடத்துறீங்க?" என்று அந்த அம்மாள் போட்ட அதட்டலில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"மூ... மேடம்... மூளை..."

சகாயமேரி பணிவாகச் சொன்னார்: "திட்டாதீங்க மேடம். சார் அந்தப் பாடத்தைத்தான் செஞ்சு காட்டிட்டு இருக்கார்."