மடைச்சி வைத்த விருந்து

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை உத்தமபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். எந்தக் குறை காதில் விழுந்தாலும் அவனிடம் ஒரே மருந்துதான்: கஜானாவைத் திற, அள்ளிக் கொட்டு! கொட்டியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கிற ராஜாவாக இருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லையே.

பெரிய ஏரியின் கடைமடையில், வாய்க்கால் போய் முடிகிற இடத்தில், கருங்காடு என்று ஓர் ஊர். மூன்று வருஷமாக அங்கே சொட்டுத் தண்ணீர் வரவில்லை. புகார் போனது. முதல் வருஷம் ராஜா ஏரிக்கரையை உயர்த்தினான். அடுத்த வருஷம் வாய்க்காலை அகலப்படுத்தினான். மூன்றாம் வருஷம் கரைமேல் மண்டபம் கட்டி, மேற்பார்வைக்கு முப்பது பேரை உட்கார வைத்தான். ஏரி ததும்பியது. கருங்காடு வெடித்துக் கிடந்தது.

அந்த ஏரிக்கு மடை திறக்கிறவள் உலகாயி. அவளுக்கு முன்னால் அவள் புருஷன் வீரணன்தான் மடையன். மடை திறக்கிறவனுக்கு அதுதான் பெயர். ஒரு பெருமழையில், கரை உடையாமலிருக்க மூழ்கிப்போய் மடைப்பலகையைத் தூக்கியவன், மேலே வரவே இல்லை. அவன் உயிரைக் கொடுத்துத் திறந்த மடையைத்தான் பிரதானி சிங்கராயர் ஓர் ஓலை எழுதி மூடிவிட்டார்: "திருப்பணி முடியும்வரை மடை திறக்கலாகாது." திருப்பணி எப்போது முடியும்? தண்ணீர் வரவில்லை என்று புகார் போகும். உடனே இன்னொரு திருப்பணி தொடங்கும். அதற்காக மடை மூடியே இருக்கும். ஒவ்வொரு திருப்பணிக்கும் சிங்கராயர் தோளில் ஒரு பொன்னாடை ஏறும். வயிறு எரியாதா?

இந்த முறை உலகாயி வீட்டிலிருந்த கடைசி விதைநெல்லையும் விதைத்து, குடத்தில் சுமந்து ஊற்றி நாற்று வளர்த்திருந்தாள். நாற்று மஞ்சளாகிவிட்டது. இன்னும் இரண்டு நாளில் கருகிவிடும். பிறகு ஊரைக் காலிசெய்ய வேண்டியதுதான். ஓலையை மடியில் செருகிக்கொண்டு ராஜசபைக்கு நடந்தாள்.

"யாரம்மா நீ?" என்றான் ராஜா.

"ஏரி மடைச்சிங்க, ராசா. எங்க ஊருக்குத் தண்ணி வேணும்."

"இன்னுமா? சிங்கராயரே, இரண்டு மடங்காகக் கொட்டுங்கள்! நான்காம் திருப்பணி தொடங்கட்டும்!"

"ஐயோ, கொட்ட வேணாம் ராசா! மடையைத் திறந்தாலே..."

சிங்கராயர் பதறிப்போய்க் குறுக்கே விழுந்தார். "மடைச்சி என்று அவளே ஒப்புக்கொண்டாளே, பிரபு! மடைச்சி பேச்சுக்குப் பொருள் ஏது? மடை, மடை என்று துடிக்கிறாள், நம் மடைப்பள்ளியில் சமைக்கப் போட்டுவிடுவோம். எந்த மடையானால் என்ன? எல்லாம் மடைதானே!"

சபை கொல்லென்று சிரித்தது. சிலேடை என்றால் உயிரை விடுகிற ராஜா தொடையைத் தட்டினான். "பலே! மடைப்பள்ளி இனி இவள் பொறுப்பு. நாளை மதிய விருந்து இவள் கையால்தான்!"

உலகாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புருஷன் பெயரை வைத்தல்லவா சிரிக்கிறார்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டாள். "எல்லாம் மடைதான்னு பிரதானியே சொல்லிட்டாரு. அப்படியே நடந்துக்கிறேனுங்க."

மறுநாள் மதியம் ராஜா இலைமுன் உட்கார்ந்தான். நெய்மணம் மூக்கைத் துளைத்தது. சோறு வரவில்லை.

"இன்னும் பத்து மூட்டை அரிசி கொடுங்கள்!" கொடுத்தார்கள். சோறு வரவில்லை. "இருபது சமையல்காரர்களைச் சேருங்கள்!" சேர்த்தார்கள். வரவில்லை. "சுவரை இடித்து மடைப்பள்ளியைப் பெரிதாக்குங்கள்!" கொத்தனார்கள் வந்து டமடமவென்று இடித்தார்கள். வெயில் சாய்ந்தது. பசியில் காதடைத்துப்போன ராஜா, சிங்கராயரை இழுத்துக்கொண்டு மடைப்பள்ளிக்கே போனான்.

வாசலில் அரிசி மூட்டைகள் குவிந்து கிடந்தன. சமையல்காரர்கள் கைகட்டி நின்றார்கள். பூட்டிய கதவின் முன்னால் உலகாயி சாவியோடு உட்கார்ந்திருந்தாள்.

"சோறு ஆயிற்றா, இல்லையா?"

"காலையிலேயே ஆயிடுச்சு, ராசா. உள்ளே அண்டா அண்டாவா இருக்கு."

"பிறகு ஏன் பூட்டி வைத்தாய்?"

"திருப்பணி நடக்குதுங்களே. காலையில ஒரு அடுப்பைப் பூசச் சொன்னேன். அப்புறம் நீங்க ஆளைச் சேர்த்தீங்க, சுவரை இடிச்சீங்க. வேலை முடியாம திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"எந்த முட்டாள் போட்ட உத்தரவு?"

உலகாயி மடியிலிருந்து ஓலையை எடுத்து நீட்டினாள். திருப்பணி முடியும்வரை மடை திறக்கலாகாது. கீழே சிங்கராயர் கையெழுத்து. அதன் பக்கத்தில் ராஜாவின் சொந்த முத்திரை.

"அது ஏரி மடைக்குப் போட்டதடி!" என்று கத்திவிட்டார் சிங்கராயர். கத்தியபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எல்லாம் மடைதான்னு சொன்னது நீங்கதானே?" உலகாயி எழுந்து நின்றாள். "ராசா, ஒரு வேளைச் சோறு தாமதமானதுக்கே உங்க கண்ணு இப்படிச் சிவக்குதே! ஏரி நிறையத் தண்ணிய வச்சுக்கிட்டு மூணு வருஷமா எங்க வாயில மண்ணைப் போட்டீங்களே! நீங்க கொட்டின பொன்னு எங்க வயல்ல ஒத்தை நாத்தை நனைச்சுதா? நாங்க கேட்டது ஒரு பலகையைத் தூக்குறதுதானே!"

ராஜாவால் தலைநிமிர முடியவில்லை. "கதவைத் திற, தாயே."

"எந்த மடையை முதல்ல திறக்கணும், ராசா?"

ராஜா பசியோடே ஏரிக்கு நடந்தான். பட்டுவேட்டியும் பொன்னாடையுமாகச் சிங்கராயரையே தண்ணீரில் இறக்கினான். கழுத்தளவு நீரில் முக்கி முனகி அவர் பலகையைத் தூக்க, தண்ணீர் இரைந்துகொண்டு கருங்காட்டுக்கு ஓடியது.

சேறு வழிய ஏறிவந்தவரைக் காட்டி ராஜா முழங்கினான்: "இவர் பிரதானி இல்லை! இன்றுமுதல் நாடே இவரை மடையன் என்று கூப்பிடட்டும்! ஏரியில் இனி எந்த வேலையும் உலகாயியைக் கேட்டுத்தான் நடக்கும்." சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் ஒரு பை பொன்னை அவளிடம் நீட்டினான்.

உலகாயி அதைத் தொடவில்லை. ஓலையை மட்டும் வாங்கிக் கிழித்துத் தண்ணீரில் போட்டாள்.

"இந்த ஆளுக்கு வேற எந்தப் பேரு வேணும்னாலும் வையுங்க, ராசா. மடையன்கிறது மடையைத் திறக்கிறவன் பேரு. அது என் புருஷன் பேரு."

கருங்காட்டில் அந்த வருஷம் அறுப்பு நடந்தது. அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்க அதன்பிறகு வெண்கரைச் சபையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.