செம்போத்தின் கண் சிவந்த கதை

அந்தக் காலத்தில், பறவைக்கும் பூச்சிக்கும் பேச்சு இருந்தபோது, செம்போத்து தரையில் கால் வைக்கமாட்டான். ஏரிக்கரைப் பனையின் உச்சிதான் அவனுக்கு இடம். கண் இரண்டும் நாவற்பழம்போல் கறுப்பாக இருக்கும். குரல் கொடுத்தால் அக்கரை வரை கேட்கும்.

அந்தக் குரலுக்காகவே பருவம் சொல்லும் வேலையை அவனிடம் விட்டிருந்தார்கள். ஒரு முறை 'ஊப்' என்றால் வெயில் நீடிக்கும். மூன்று முறை என்றால் மழைத் தண்ணீர் வருகிறது என்று பொருள். கோடையில் ஏரி வற்றியதும் முயல், ஆள்காட்டி, கௌதாரி எல்லாம் உள்ளே இறங்கிக் குடித்தனம் நடத்தும். மூன்று குரல் கேட்டால் முட்டை குட்டிகளோடு கரைக்கு ஏறிவிடும். செம்போத்தின் மனைவியும் ஏரிக்குள்தான் ஒரு நாணல் புதரில் கூடு கட்டியிருந்தாள்.

அந்த ஏரிக்குள் எறும்பு ஒருத்தி இருந்தாள். குனிந்த தலை நிமிராமல் நடப்பவள். ஆனால் அவள் கண்ணில் படாத சங்கதி கிடையாது. "வேப்பங்கொழுந்து செவந்திருக்கு, வெயில் வந்துரும்" என்பாள். வந்துவிடும். "சிலந்தி வலையில பனி கோத்து நிக்குது, குளிருக்கு எடம் பாருங்க" என்பாள். நாலே நாளில் முயல் பல்லைக் கிட்டிக்கொண்டு நிற்கும். செம்போத்து மேகத்தைப் பார்த்துச் சொல்வதற்குள் எறும்பு மண்ணைப் பார்த்துச் சொல்லியிருப்பாள்.

முதலில் முயல் மட்டும்தான் அவளிடம் போய்க் கேட்டது. பிறகு கௌதாரி கேட்டது. பிறகு, பனைக்கு நேர்கீழே ஏரிக்குள் குடியிருந்த ஆள்காட்டி, தலைக்குமேல் இருப்பவனை ஏறிட்டும் பார்க்காமல், "எறும்பக்கா, காத்து எப்ப திரும்பும்?" என்று கேட்டபடி நடந்து போனது. செம்போத்துக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இத்தனை பெரிய குரல் தனக்கு இருக்க, கத்தினாலும் காதில் விழாத ஒரு எறும்புக்கு இவ்வளவு மரியாதையா? தின்ற புழு செரிக்கவில்லை. அவள் எப்போது தப்பாகச் சொல்வாள் என்று காத்துக்கொண்டிருப்பதே அவனுக்கு வேலையாகிவிட்டது.

புரட்டாசி முடியும் நேரம். ஒருநாள் காலையில் எறும்பு பனை உச்சிவரை ஏறி வந்தாள். அவள் கால்களுக்கு அது ஒரு மலை.

"அண்ணே, தட்டான் என் தலைய உரசுற மாதிரி பறக்குது. மரவட்டையெல்லாம் மேட்டைப் பாத்து நடக்குது. புத்துக்குள்ள மண்ணு கசியுது. தண்ணி வரப்போவுது. என் குரல் எட்டாது. நீங்கதான் மூணு கொரல் குடுக்கணும்."

செம்போத்து வானத்தைப் பார்த்தான். ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அவன் மனசுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. இவள் சொல்லி மழை வராமல் போகட்டும், அப்புறம் யார் இவளைத் தேடுவார்கள் பார்ப்போம்!

"நீ போம்மா. எனக்குத் தெரியும்" என்றான்.

அவள் இறங்கிப் போனதும் கழுத்தை நீட்டி, ஏரி முழுக்கக் கேட்கும்படி ஒரே ஒரு குரல் கொடுத்தான். ஊப்.

எறும்பு தன் கூட்டத்தைக் கூட்டி, ஆளுக்கொரு வெள்ளை முட்டையாகக் கவ்விக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். முயல் அந்த வரிசையைப் பார்த்தது. பனை உச்சியையும் ஒருமுறை பார்த்தது. பிறகு குட்டிகளை எழுப்பிக்கொண்டு வரிசைக்குப் பின்னால் போயிற்று. ஆள்காட்டி முட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு ஏறியது. சாயங்காலத்துக்குள் ஏரி காலி.

செம்போத்தின் மனைவிக்கும் மனசு கேட்கவில்லை. இரை கொண்டுவந்த கணவனிடம் கேட்டாள்.

"ஏங்க, எல்லாரும் ஏறிட்டாங்களே. நாமளும் முட்டைய மாத்திருவமா?"

அவன் சிலிர்த்துக்கொண்டான். "ஊரு எறும்பு பின்னால போகட்டும். நீயுமா? என் கொரலவிட அவ நடை ஒனக்கு பெருசாப் போச்சா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க. நீங்க சொன்னா சரிதான்" என்று அவள் மூன்று முட்டைகளின் மேலும் சிறகை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் உச்சிவெயில். இங்கே பளீரென்று வெயில். ஆனால் மேற்கு மலையில் விடிய விடிய மழை கொட்டியிருந்தது. பனை உச்சியில் இருந்தவன்தான் முதலில் பார்த்தான். செம்மண் நிறத்தில் ஆறு எழும்பி ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மூன்று குரல் கொடுத்தான். மறுபடி மூன்று. தொண்டை கிழிய மூன்று. கரையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு இனி அந்தக் குரல் எதற்கு?

உள்ளே ஒருத்தி மட்டும் இருந்தாள். ஒரு முட்டையைக் கவ்வி எழும்புவதற்குள் நாணல் சாய்ந்தது. வாயில் இருந்ததும் நழுவியது. நனைந்த சிறகை அடித்துக்கொண்டு எப்படியோ கரையில் வந்து விழுந்தாள். செம்போத்து பனையிலிருந்து பாய்ந்து அவள் அருகே இறங்கினான்.

"மத்தவங்களுக்கு எறும்பு இருந்துச்சு. எனக்கு நீங்கதானே இருந்தீங்க?" என்றாள் அவள்.

வயிற்றில் எரிந்ததும் அழுததும் சேர்ந்து அவன் கண்ணில் ஏறியது. அந்தச் சிவப்பு பிறகு இறங்கவே இல்லை. மறுபடி பனைமேல் ஏற அவனுக்கு மனம் வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் புதர் புதராக நுழைந்து, மண்ணைக் கிளறிக் கிளறி முட்டைகளைத் தேடினான்.

அன்று பிடித்த நடைதான் இது. இன்றும் செம்போத்து உயரப் பறப்பதில்லை. சிவந்த கண்ணோடு புதருக்குள் எதையோ தேடிக்கொண்டே நடக்கிறது. மழைக்கு முன்னால் 'ஊப், ஊப், ஊப்' என்று சரியாகவே கத்துகிறது. அதைக் கேட்டதும் நாம் குனிந்து, எறும்பு முட்டையோடு கிளம்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்கிறோம்.