சடையன் கட்டிய கொடி

மழை பொய்த்துக் காய்ந்து கிடந்த காட்டுக்குள், மலைக்கு அப்பாலிருந்து ஒரு யானைக் கூட்டம் வந்து சேர்ந்தது. கூட்டத்தின் தலைவி அங்காயி. அவளுடைய கன்று தாகத்தில் தள்ளாடியது.

"இந்தக் காட்டுல தண்ணி எங்கே இருக்கு?" என்று கேட்டாள் அங்காயி.

மரத்திலிருந்து ஒரு கருமந்தி பொத்தென்று குதித்தது. பெயர் சடையன். எதைக் கண்டாலும் அடுக்கி வைத்து அழகு பார்ப்பதில் அவனுக்குத் தனிப் பைத்தியம். ஆனால் தளிரைத் தின்றே தாகம் தீர்க்கிறவன். குட்டைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அதற்காகச் சும்மா இருப்பானா?

"கவலைய விடு ஆத்தா! நான் விசாரிச்சுச் சொல்றேன்!"

மைனா, கொக்கு, மான் மூவரையும் குட்டைக்குக் குட்டை அனுப்பினான். மைனாவுக்கு மரங்களைத் தெரியும்; எண்ணத் தெரியாது. அது கரையில் நின்ற மரத்தின் இலையைக் கொண்டுவந்தது. கொக்குக்கு எண்ண மட்டும் தெரியும். அது ஆழத்துக்குத் தக்கபடி கூழாங்கல் பொறுக்கி வந்தது. மானுக்குத் தெரிந்ததெல்லாம் ருசிதான். குடிக்கலாம் என்றால் பச்சைப் புல், கூடாது என்றால் காய்ந்த புல்.

சடையனுக்கு ஒரே குஷி. இலைகளையெல்லாம் ஒரு பக்கம் அடுக்கினான். கற்களைச் சின்னச் சின்னக் குவியலாக இன்னொரு பக்கம் வைத்தான். புல்லைத் தனியாகப் பரப்பினான். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான், போங்கள்!

பிறகு இலைகளில் பெரியதை எடுத்தான். கல் குவியலில் பெரியதைப் பார்த்தான். பச்சைப் புல் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"தேக்கு மரத்துக் குட்டைக்குப் போ ஆத்தா! நல்ல ஆழம்! நல்ல தண்ணி!"

கொதிக்கும் வெயிலில் கூட்டம் நடந்தது. சடையன் மரத்துக்கு மரம் தாவி முன்னால் போனான். தேக்கு மரத்தடியில் கிடந்தது ஒரு கை நாற்றச் சேறு. கன்று முன்னங்கால் மடிந்து அப்படியே விழுந்துவிட்டது.

அங்காயி அவனை அடிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"நீ காட்டின இலை நிஜம்தானே?"

"நிஜம்தான் ஆத்தா."

"கல்லு? புல்லு?"

"எல்லாமே நிஜம்!"

"அப்புறம் எப்படிடா எல்லாம் சேர்ந்து பொய்யாச்சு?"

சடையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கற்கள் எந்தக் குட்டையுடையவை? அந்தப் புல் எங்கிருந்து வந்தது? இனம் இனமாகப் பிரித்த கையோடு அதையெல்லாம் அவனே தொலைத்துவிட்டான். ஐயோ, ஒரு பச்சைக் குழந்தையின் உயிரல்லவா போகிறது!

"பொறுத்துக்க ஆத்தா, இதோ வந்துட்டேன்!" என்று பாய்ந்தான். மூவரையும் கூட்டிக்கொண்டு, இந்த முறை அவனே குட்டைக்குக் குட்டை போனான். அங்கேயே அந்த மரத்தின் இலையை மடித்தான். அந்தக் குட்டையின் கற்களையும் புல்லையும் அதற்குள் வைத்தான். பிரியாதபடி முள்ளால் குத்தினான். பிறகு ஒரு நீளக் கொடியில், வழியில் வந்த வரிசைப்படியே ஒவ்வொரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டே போனான்.

திரும்பி வந்து, எது எதைக் குறிக்கும் என்று சொல்லிக் கொடியை நீட்டினான். அங்காயி முதல் பொட்டலத்தைத் துதிக்கையால் பிரித்தாள்.

"அரச மரம். கல்லு நிறைய. ஆனா காஞ்ச புல்லு. ஆழம் இருந்து என்ன, விஷம்! இதைத் தாண்டிப் போயிரணும்."

அடுத்ததைப் பிரித்தாள்.

"ஆலமரம். ஒரே கல்லு. பச்சைப் புல்லு. கொஞ்சம்தான், நம்ம குட்டிக்குப் போதும்."

கடைசிப் பொட்டலத்தில் அவள் குரல் மாறியது.

"பூவரசு. பொட்டலம் கொள்ளாம கல்லு இருக்கு. பச்சை! எல்லாரும் குடிக்கலாம்! அடேய், காலே வைக்காத காடு முழுக்க என் கண்ணுக்குத் தெரியுதடா!"

யானைகள் கன்றை முட்டுக்கொடுத்து எழுப்பி, மெல்ல நடத்திச் சென்றன. ஆலமரத்தடியில் ஒரு கை தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. கன்று குடித்தது. நின்றது. மறுபடி குடித்தது.

சடையன் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே இலை. அதே கல். அதே புல். புதிதாகச் சேர்ந்தது ஒரு முள்ளும் ஒரு கொடியும்தானே! இத்தனை சின்னச் சாமான்களுக்குள் ஒரு காடே அடங்குமா? அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுக்கி அழகு பார்த்த நாளெல்லாம் அவனுக்கு இந்த அதிசயம் தெரிந்ததில்லை.

கணினிக்குள் இருக்கும் எண், எழுத்து, ஆம், இல்லை என்ற சின்னத் தரவுகளும் இப்படித்தான்: எது எதோடு சேரும், எதற்குப் பின் எது வரும் என்று பார்த்துக் கட்டினால்தான் அவை உலகத்தையே காட்டும்.