யூபோனியத்தில் விழுந்த ஒடுக்கு

ஒரு ஊர், அந்த ஊருக்கு முன்னால் ஒரு கடல். அங்கே மிக்கேலம்மாள் என்றொருத்தி, பேண்டு செட்டுக்காரர்களின் பித்தளைக் குழல்களுக்கு ஒடுக்கு எடுத்து வந்தாளாம். அவளிடம் தொழில் பழகியவர் தொம்மை. முன்பல் போனதால் ஊதுவதை விட்டவர். வயதில் அவளுக்கு அண்ணன், தொழிலில் சீடர்.

பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. அடி எப்படிப் பட்டது என்று குழலின் சொந்தக்காரர் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். பொய் சொன்னால் குழல் வந்த வழியே திரும்பிப் போகும். அடி வந்த திசை தெரியாமல் தட்டினால் பித்தளை வெடித்துவிடுமே.

தேர்பவனியின் இரண்டாம் நாள் காலையில் பாக்கியநாதன் தன் பெரிய யூபோனியக் குழலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் அகன்ற வாய் அமுங்கிக் கிடந்தது.

"சைக்கிள்ல இருந்து விழுந்துட்டுது. சாயங்காலம் ஊதியாகணும். இல்லேன்னா பேண்டு மாஸ்டர் வேற ஆளைப் போட்டுருவார்."

"வச்சிட்டுப் போங்க" என்றாள் மிக்கேலம்மாள்.

அவர் தலை மறைந்ததும் தொம்மை குழலைத் திருப்பிப் பார்த்தார்.

"பொய், தங்கச்சி. தரையில விழுந்த கீறல் ஒண்ணுகூட இல்ல. ஒரு பக்கம் கல்தூண் சுண்ணாம்பு. மறுபக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, நாலு நரைமுடி. அந்த ஆளுக்குத்தான் தலை வழுக்கையாச்சே! திருப்பிக் குடுத்துரலாமா?"

"நேத்து வாணவெடி சரிஞ்சு கூட்டம் ஓடுனப்போ, தூண் பக்கமா போய் விழுந்தது யாரு அண்ணே?"

"டிரம் அடிக்கிற சந்தியாகு. நல்லவேளை, தலை தூண்ல மோதாம..." தொம்மை குழலை மறுபடி பார்த்தார். "ரெண்டு பேருக்கும் மூணு வருசமா பேச்சே கிடையாதே. அடுத்தடுத்த வீடு, வேலித் தகராறுல்லா?"

மிக்கேலம்மாள் ஈரத்துணியால் எண்ணெயைத் துடைத்தாள். முடியை எடுத்துப் போட்டாள். மரச்சுத்தியால் உள்ளிருந்து மெல்ல மெல்லத் தட்டத் தொடங்கினாள்.

உச்சிவேளைக்குச் சந்தியாகு வந்து வாசலிலேயே நின்றார்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"சைக்கிள்ல இருந்து விழுந்துட்டுதுன்னார்."

சந்தியாகு தன் நரைத்த தலையைத் தடவிக்கொண்டார்.

"அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதே."

சந்தியாகு படியேறி உள்ளே வந்தார்.

"வேலை முடிஞ்சிருந்தா நானே கொண்டு குடுத்துரட்டுமா?"

மிக்கேலம்மாள் குழலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் படியிறங்கியதும் தொம்மை கேட்டார்.

"அப்போ நம்ம வழக்கம்?"

"அடி எந்தப் பக்கமிருந்து வந்துதுன்னு தெரியணும். தெரிஞ்சுதே, அண்ணே."

சந்தியாகு குழலை நெஞ்சோடு அணைத்தபடி, தன் வீட்டு வாசலைத் தாண்டி, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு நடந்து போனார்.