குழந்தை ஏறாத தள்ளுவண்டி

திருச்சி விமான நிலையத்தில், பெட்டிகளை எடை போட்டு ஏற்றும் கவுண்டருக்குத் தண்டபாணிதான் பெரிய அதிகாரி. யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவார். அன்றைக்கு வந்து மாட்டினாள் அஞ்சுகம். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. தள்ளுவண்டியில் ஒரு பை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"குழந்தை வண்டின்னாதான் காசில்லாம ஏத்துவோம். இது மூட்டை வண்டி. எங்கே, புள்ளைய உட்கார வை பார்ப்போம்!"

அவள் குனிந்ததுமே குழந்தை வீலென்று கத்தியது. கிள்ளியிருப்பாளோ என்று அதிலும் அவருக்குச் சந்தேகம். பையைக் கொட்டிப் பார்த்தார். வெறும் துணிதான். ஆனால் வெண்ணெய் வாசனை மட்டும் எங்கிருந்தோ மூக்கைத் துளைத்தது.

"உட்காரவே மாட்டேங்குது. அப்புறம் இது எப்படிம்மா அதோட வண்டி?"

புழுக்கத்தில் அவர் கழற்றிய கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது.

"சார், உங்க கோட்டை நாற்காலிதானே போட்டிருக்கு? அப்ப அது நாற்காலியோட கோட்டா?"

வரிசையே சிரித்தது. தண்டபாணி வேர்க்க வேர்க்கக் கோட்டை மாட்டிக்கொண்டு, வண்டிக்குச் சீட்டுக் கட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, காலி வண்டியில் தானே ஏறித் தொப்பென்று உட்கார்ந்தது. மெத்தைக்கடியில் 'மொறுக்'கென்று ஒரு சத்தம்.

தண்டபாணி கண்ணை உருட்டினார்.

"இதுக்குத்தான் சார் இவனை உட்கார விடல," என்றாள் அஞ்சுகம். "நொறுங்கின முறுக்கு எங்களுக்கு இருக்கட்டும். முழுசாப் பார்த்து நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க."