பள்ளிக்கூடத்தைப் பூட்டிய பண்டிதர்

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதூர்ச் சீமையை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சரி என்றதை மத்தியானம் தப்பு என்பான். அவனிடம் சம்பளம் வாங்கும் ஆலோசகர் விருத்தகிரிப் பண்டிதர். வழக்காடுவதில் புலி.

அந்தச் சீமையில் ஆலம்பாடி என்றொரு ஊர். அங்கே பள்ளிக்கூடத்தை நடத்த ஒரு சபை இருந்தது. சபைத் தலைவி பூவாயி, பாய் முடைகிறவள். பள்ளிக்கூடம் நிற்கும் மனை தன்னுடையது என்று ஒரு மிராசுதார் வழக்குப் போட, சபை பண்டிதரை அமர்த்தியது. அவரும் ஜெயித்துக் கொடுத்தார். பிறகுதான் கூலி கேட்டார். பேசியதற்குக் கூலி, கேட்டதற்குக் கூலி, யோசித்ததற்கும் கூலி! வாத்தியார் சம்பளத்துக்கு வைத்திருந்த நெல்லெல்லாம் போயிற்று, வாத்தியாரும் போனார். அப்படியும் தீரவில்லை. பாக்கிக்காகப் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட்டார் பண்டிதர்.

பூவாயிக்கு ஒரே மகள், கனகு. படிப்பென்றால் அவளுக்கு உயிர். வேறு வழியில்லாமல் ஆற்றுக்கு அக்கரையில் தன் தங்கை வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று அனுப்பிவைத்தாள் பூவாயி. அனுப்பிய பிறகுதான் தன் சின்ன வீடு எவ்வளவு பெரிதென்று தெரிந்தது. உலை வைத்தால் கை தானாக இரண்டு பேருக்கு அரிசி அள்ளும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது கண் நிறைந்துவிடும். அக்கரையில் அடுப்புப் புகை எழுந்தால், அது கனகு சாப்பிடப்போகும் சோற்றின் புகையாக இருக்குமோ என்று நின்று பார்ப்பாள்.

பள்ளிக் கட்டடத்தையே தன் பேருக்கு மாற்றித் தரும்படி பண்டிதர் ராஜாவிடம் கேட்கப்போகிறார் என்று சேதி வந்தது. பூவாயி அரண்மனைக்கு நடந்தாள்.

அன்றைக்கு ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி. "இந்தா பெண்ணே, கேட்ட கூலி தப்பு என்று பண்டிதர் வாயாலேயே சொல்ல வை. முடியாவிட்டால் கட்டடம் அவருக்கு" என்றான். அரசவையே சிரித்தது.

பூவாயி கும்பிட்டாள். "குறை சொல்ல வரலை, மகராசா. எங்க காரியத்தையே ராவும் பகலும் நினைச்சுக்கிட்டிருந்தாராமே இந்தச் சாமி? அந்தப் பெருமையைச் சொல்லத்தான் வந்தேன்."

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது. "உண்மை, அரசே! குளிக்கையில், உண்கையில், உறங்குகையில்கூட அந்த வழக்குதான். ஒரு கணமும் வேறு நினைப்பில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கூலி."

"ஒரே ஒரு சந்தேகம், சாமி. இங்கே உக்காந்து மகராசாவுக்கு யோசனை சொல்வீங்களே, அப்பவுமா?"

சபையில் சிரிப்பு நின்றுவிட்டது. ராஜா முன்னால் குனிந்தான். "சொல்லும் பண்டிதரே. அந்த வழக்கு நடந்தபோதுதானே எல்லைத் தகராறு பற்றி உம்மிடம் யோசனை கேட்டேன்? என் சம்பளத்தை வாங்கிக்கொண்டு எதை நினைத்துக்கொண்டிருந்தீர்?"

"ஐயோ, அரசே! இந்தச் சபையில் தங்கள் காரியம் ஒன்றுதான்..."

"அப்படியானால் அந்த நேரத்துக்கும் இவளிடம் கூலி கேட்டது ஏன்?"

பண்டிதர் வியர்வையைத் துடைத்தார். "தப்பு... தப்புதான், அரசே."

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தான். நியாயமான கூலி போக வாங்கியதையெல்லாம் திருப்பித் தரச் சொன்னான். பூட்டை இன்றே திறக்க வேண்டும், புது வாத்தியார் சம்பளம் பண்டிதர் பொறுப்பு என்றான்.

"பூவாயி, நீ என் சபையிலேயே இரு. மாளிகை தருகிறேன்."

"வேண்டாம் மகராசா. ஒரு ஓடம் தந்தாப் போதும். எம் புள்ளை அக்கரையில இருக்கா."

ராஜா தன் சொந்த ஓடத்தையே அனுப்பினான்.

தங்கை வீட்டு வாசலில் கனகு நின்றாள். வளர்ந்திருந்தாள், முகம் இளைத்திருந்தது.

"அம்மா, பள்ளிக்கூடம் திறந்தாச்சா?"

பூவாயி தலையை ஆட்டினாள். கனகு உள்ளே ஓடி, அடுத்த நொடியே ஒரு துணிமூட்டையோடு வந்து நின்றாள்.

"அதுக்குள்ளயா கட்டிட்டே?" என்றாள் பூவாயி.

தங்கைதான் பதில் சொன்னாள். "வந்த அன்னைக்குக் கட்டியிருந்த முடிச்சு, அக்கா. ஒருநாளும் அவிழ்க்க விடலை. வேணுங்கிற துணியை மட்டும் ஓரமா உருவிக்குவா."