மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த வண்டி?

திண்டுக்கல் கார் ஸ்டாண்டுல சூசைமாணிக்கத்தோட அம்பாசிடர் ஓடுன தூரத்தைவிட அவரு வாய் ஓடுன தூரம் ஜாஸ்தி. அது அவருக்கே தெரியும். ஆனா இந்த முகூர்த்த மாசம் பூரா ஒரு சவாரிகூட சிக்கல. பக்கத்துல நிக்கிற கமாலுதீன் பாயோட பியட்டுக்கு மட்டும் ஒரு மாலை காயறதுக்குள்ள அடுத்த மாலை விழுது. அதனால, பொண்ணு கல்யாணத்துக்கு வண்டி பேச ஒரு வழுக்கைத் தலைப் பெரியவர் வந்து நின்னதும், இதையும் விட்டா பொண்டாட்டி வீட்டுக்குள்ள சேக்கமாட்டான்னு சூசை வாயைத் தொறந்துட்டாரு.

"பியட்டு வெள்ளரிப்பிஞ்சு மாதிரி அழகுதான் சார். சிட்டாப் பறக்கும், இல்லேங்கல. ஆனா போன மாசம் வத்தலக்குண்டுல நான் ஹாரன் அடிச்சேன். மதுரையில வண்டியை நிறுத்தி டீ குடிச்சிட்டு இருக்கேன், அப்பத்தான் சத்தம் வந்து சேருது."

டிக்கியைப் பத்திச் சொல்லலியேன்னு பாய் எடுத்துக் கொடுத்தாரு. பியட்டு டிக்கியில பெட்டி படுக்கை வைக்கலாம்னு சூசை பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாரு. தன் டிக்கியில ஒரு தடவை சமையக்காரங்களை அடுப்போட ஏத்திக்கிட்டுப் போனாராம். பழனி போறதுக்குள்ள உள்ளேயே ரெண்டு பந்தி முடிஞ்சுதாம்.

"ரசம்?"னாரு பாய்.

"ஒரு சொட்டு சிந்தல. ஸ்பிரிங் அப்படி."

பெரியவர் சிரிக்கல. மாப்பிள்ளை அழைப்புக்குத்தான் வண்டி, பிள்ளையார் கோயில்லேருந்து மண்டபம் வரைக்கும் நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஊரணும், வேகம் எதுக்குன்னாரு. பாய் பணிவா, தன் பியட்டு ஒரு நாளும் மேளக்காரரை முந்துனதில்லைன்னாரு.

இப்பத்தான் சத்தத்தையே முந்துன வண்டியைச் சூசை உடனே நத்தையாக்கணும். ஆக்கிட்டாரு.

"மெதுவாத்தானே? அதை மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? ரொம்ப வருஷம் முன்னாடி இதே கோயில்லேருந்து ஒரு மாப்பிள்ளையை ஏத்துனேன். ஏறும்போது தலை நெறைய முடி. மண்டபத்துல எறங்கும்போது சுத்தமா வழுக்கை."

பெரியவர் தன் தலையைத் தடவிக்கிட்டாரு.

"அந்த மாப்பிள்ளை நான்தான்யா. நீ பெட்ரோல் போடாம வந்துட்டே. மாலையும் கழுத்துமா எறங்கி நான்தான் தள்ளுனேன்."

சூசை அசரல.

"பாத்தீங்களா, இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்க. பியட்டுல போனவங்க யாராவது வண்டியை இப்படி நெனைச்சுக்கிட்டு இருக்காங்களா?"

"இல்ல"ன்னாரு பெரியவர். "அதான் பியட்டு பேச வந்தேன்."